பெட்டிக்குள் பெட்டி, சாவி யாரிடம்?

கருவூலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இரட்டைப் பூட்டு தெரியும். ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். ஒருவர் தனியாகப் போய்த் திறக்க முடியாது.

பேரன் சர்வர் பராமரிக்கும் வேலையில் இருக்கிறான். ஒரே பெட்டிக்குள் முப்பது கம்ப்யூட்டர் தனித்தனியாக ஓடுகிறதாம். அந்தத் தாய்ப்பெட்டிக்கு ஹோஸ்ட் என்று பெயர். "சாவி யாரிடம்டா?" என்றேன். "அதுதான் தாத்தா என் வேலையே" என்றான். அன்று முதல் இதைப் படிக்க ஆரம்பித்தேன்.

பிரெஞ்சில் நாங்கள் 'மோ த் பாஸ்' என்று படித்த பாஸ்வேர்டு, கம்ப்யூட்டருக்குள் நுழைந்தது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில். 1961-ல் அங்கே ஃபெர்னாண்டோ கொர்பாட்டோ குழுவினர் ஒரே எந்திரத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் முறையைச் செய்து காட்டினார்கள். ஆளுக்கொரு பாஸ்வேர்டு, ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று கணக்கு. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்குக் கிடைத்த நேரம் போதவில்லை. 1962-ல் பாஸ்வேர்டு கோப்பை அச்சடிக்கச் சொல்லி ஒரு துளை அட்டையைப் போட்டார். எந்திரமும் மறுபேச்சில்லாமல் அச்சடித்துக் கொடுத்துவிட்டது! பல ஆண்டுகள் கழித்து அவரே இதை ஒப்புக்கொண்டார்.

1966-ல் இன்னும் வேடிக்கை. இரண்டு நிர்வாகிகள் ஒரே நேரத்தில், ஒருவர் வரவேற்புச் செய்தியையும் மற்றவர் பாஸ்வேர்டு கோப்பையும் திருத்த, இரண்டும் இடம் மாறிவிட்டன. உள்ளே வந்தவர்களுக்கெல்லாம் எல்லோருடைய பாஸ்வேர்டும் திரையிலோ தாளிலோ தரிசனம் தந்தது. திருட்டே இல்லை, வெறும் கவனக்குறைவு. குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இது புரியாதா?

ஐ.பி.எம். பிறகு ஒரு படி மேலே போனது. 1972-ல் அறிவித்த வி.எம்./370-ல் ஒவ்வொருவருக்கும் தனி எந்திரமே இருப்பதுபோல ஒரு தோற்றம். அதிகாரத்தை எழுத்துகளால் பிரித்தார்கள்: 'ஏ' தலைமை ஆபரேட்டருக்கு, 'ஜி' சாதாரண ஆளுக்கு. நம் ஆபீஸ் கிரேடுகள் மாதிரிதான்.

இன்று பரவலாக உள்ள வி.எம்.வேர் நிறுவனம் 1998-ல் தொடங்கியது. அதன் ஹோஸ்டில் 'லாக்டவுன்' என்று ஒரு அமைப்பு உண்டு. போட்டுவிட்டால் நேரே ஹோஸ்டுக்குள் நுழைய முடியாது, மத்திய நிர்வாக மென்பொருள் வழியாகத்தான் வர வேண்டும். தூரத்திலிருந்து நுழையும் எஸ்.எஸ்.ஹெச். வாசலும் தேவைப்படும்போது மட்டும்தான் திறக்க வேண்டும்.

2023 பிப்ரவரி 3-ஆம் தேதி பிரெஞ்சு அரசின் இணையப் பாதுகாப்புப் பிரிவு ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. அதை பிரெஞ்சிலேயே படித்தேன், பள்ளிப் படிப்பு வீண்போகவில்லை. எஸ்.எல்.பி. என்ற சேவையின் ஓட்டை வழியாக ஹோஸ்டுகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கிறார்கள் என்று அதன் சாரம். உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஹோஸ்டுகள் சிக்கின, பிரான்ஸில் நிறைய. ஒரு ஹோஸ்ட் பூட்டினால் உள்ளே இருக்கும் முப்பதும் போச்சு. கொடுமை என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் 2021 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. இரண்டு வருடம் பலர் அதைப் போடவில்லை. மேசையில் கிடந்து தூசு படிந்த சுற்றறிக்கைகள் ஞாபகம் வந்தன.

பேரனுக்கு உடனே போன் போட்டேன். "நாங்க அந்தச் சேவையை எப்பவோ நிறுத்திட்டோம் தாத்தா" என்றான். கொஞ்சம் யோசித்து, "ஆனா அட்மின் பாஸ்வேர்டு மட்டும் எங்க டீம்ல ஆறு பேருக்குத் தெரியும்" என்றான்.