கோளரங்கம்: நகரத்துக் குழந்தைகளுக்கு நட்சத்திர வானைக் காட்டும் அரங்கு

நிலவு இல்லாத, மேகமற்ற ஓர் இரவில், விளக்கொளி எட்டாத சிற்றூரில் நின்று அண்ணாந்து பார்த்தால் வெறும் கண்ணுக்குச் சுமார் 3,000 நட்சத்திரங்கள் தென்படும். தில்லி, மும்பை, கொல்கத்தா போன்ற பெருநகரங்களின் மொட்டை மாடியில் நின்று பார்ப்பவருக்கோ எண்ணி முடித்துவிடக் கூடிய சில நட்சத்திரங்களே மிஞ்சும். தெருவிளக்குகள், விளம்பரப் பலகைகள் ஆகியவற்றின் வெளிச்சமும் காற்றில் கலந்த தூசியும் மற்றவற்றை மறைத்துவிடுகின்றன. நகரத்தில் பிறந்து வளரும் குழந்தைகளில் பலர் பால்வீதியைப் பாடப்புத்தகப் படமாக மட்டுமே அறிவர்.

இந்த இழப்பை ஓரளவேனும் ஈடுசெய்பவை கோளரங்கங்கள். நண்பகலிலும், மழை பெய்யும் நாளிலும், முழு இரவு வானையும் குளிரூட்டப்பட்ட ஓர் அரங்குக்குள் அவை கொண்டுவந்து விடுகின்றன. பாட்டி, பெற்றோர், பள்ளிக் குழந்தை என மூன்று தலைமுறையினரும் ஒன்றாக அமர்ந்து பார்க்கக்கூடிய அறிவியல் நிகழ்ச்சிகளில் இதற்குத் தனி இடம் உண்டு.

செயற்கை வானம் உருவாகும் விதம்

நவீன கோளரங்கம் தோன்றி நூறாண்டுகள் கடந்துவிட்டன. ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனப் பொறியாளர் வால்டர் பவர்ஸ்ஃபெல்டின் வடிவமைப்பில் உருவான கருவி, 1923-ஆம் ஆண்டு மியூனிக் நகரில் உள்ள டாய்ச்சஸ் அருங்காட்சியகத்தில் முதன்முறையாக இயக்கிக் காட்டப்பட்டது.

அரங்கின் நடுவில் நிற்கும் கோள வடிவக் கருவிக்குள் ஆற்றல் மிக்க விளக்கு இருக்கும். நுண்ணிய துளைகள் இடப்பட்ட தகடுகள், லென்சுகள் வழியே வெளியேறும் ஒளி, அரைக்கோள வடிவக் குவிமாடத்தின் உட்புறத்தில் நட்சத்திரப் புள்ளிகளாக விழும். சூரியன், சந்திரன், கோள்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஒளிக்கருவிகள் உண்டு. கருவி சுழலும்போது நட்சத்திரங்கள் கிழக்கே உதித்து மேற்கே மறையும். பன்னிரண்டு மணி நேர இரவு சில நிமிடங்களில் கடந்துவிடும்.

அண்மைக் காலத்தில் பல கோளரங்கங்கள் டிஜிட்டல் முறைக்கு மாறியுள்ளன. கணினியுடன் இணைந்த புரொஜெக்டர்கள் குவிமாடம் முழுவதையும் ஒரே திரையாக்குகின்றன. சனிக் கோளின் வளையங்களுக்கு அருகே பறந்து செல்வது போன்ற காட்சிகள் இம்முறையில் சாத்தியமாகின்றன. ஆயினும் ஊசிமுனை போன்ற கூர்மையான நட்சத்திரப் புள்ளிகளுக்குப் பழைய ஒளியியல் கருவியே சிறந்தது எனக் கருதும் கோளரங்கங்கள், இரண்டையும் இணைத்துப் பயன்படுத்துகின்றன.

இந்தியாவின் முக்கிய கோளரங்கங்கள்

நாட்டின் பழமையான கோளரங்கம் புணே நகரின் திலக் சாலையில் உள்ள நியூ இங்கிலீஷ் பள்ளி வளாகத்தில் 1954-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கொல்கத்தாவின் எம்.பி. பிர்லா கோளரங்கம் 1962-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1963-இல் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அதனை முறைப்படி தொடங்கிவைத்தார். சாஞ்சி ஸ்தூபியை நினைவூட்டும் அதன் கட்டடம் நகரின் அடையாளங்களுள் ஒன்று. அங்கு வங்கம், ஹிந்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் காட்சிகள் நடைபெறுகின்றன.

மும்பை வொர்லியில் உள்ள நேரு கோளரங்கம் 1977-இலும், அலாகாபாதில் (இன்றைய பிரயாக்ராஜ்) ஆனந்த பவனம் அருகே உள்ள ஜவாஹர் கோளரங்கம் 1979-இலும் செயல்படத் தொடங்கின. தில்லி தீன்மூர்த்தி பவன் வளாகத்தில் உள்ள நேரு கோளரங்கத்தை 1984-ஆம் ஆண்டு அன்றைய பிரதமர் இந்திரா காந்தி திறந்துவைத்தார். அதே ஆண்டில் விண்வெளிக்குச் சென்ற முதல் இந்தியரான ராகேஷ் சர்மா, பூமிக்குத் திரும்பிய சோயுஸ் டி-10 விண்கலத்தின் இறங்குகலம் அங்குக் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. வளிமண்டலத்தில் நுழைந்தபோது கருகிய அதன் புறப்பரப்பைக் குழந்தைகள் அருகில் நின்று காணலாம்.

தென்னிந்தியாவில் ஹைதராபாதின் பி.எம். பிர்லா கோளரங்கம் 1985-இலும், சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள பிர்லா கோளரங்கம் 1988-இலும், பெங்களூரின் ஜவாஹர்லால் நேரு கோளரங்கம் 1989-இலும் தொடங்கப்பட்டன. ஹைதராபாதில் தெலுங்கிலும், பெங்களூரில் கன்னடத்திலும், சென்னையில் தமிழிலும் காட்சிகள் உண்டு. மூன்று இடங்களிலும் ஆங்கிலக் காட்சிகளும் நடைபெறுகின்றன. மங்களூரு அருகே பிலிகுளாவில் 2018-இல் திறக்கப்பட்ட சுவாமி விவேகானந்தர் கோளரங்கம் முப்பரிமாணக் காட்சி வசதி கொண்டது.

குழந்தைகள் அறிந்துகொள்வது என்ன?

நல்ல காட்சி ஒன்று குழந்தையின் மனத்தில் பதிக்கும் முதல் செய்தி, வானம் ஊருக்கு ஊர் மாறும் என்பது. துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, ஏறத்தாழ அதுவே அந்த ஊரின் அட்சரேகை. சென்னையில் அது 13 பாகை. தில்லியில் 28 பாகைக்கும் மேல். கையை முழுமையாக நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால், அதன் அகலம் வானில் சுமார் 10 பாகையை மறைக்கும். எனவே சென்னையில் துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து ஒன்றேகால் முஷ்டி உயரத்தில்தான் இருக்கும்; தில்லியில் மூன்று முஷ்டியை நெருங்கிவிடும். குவிமாடத்துக்குள் கற்ற இந்த அளவீட்டை, வடக்கு அடிவானம் மறைக்கப்படாத எந்த இடத்திலும் குழந்தைகளே சரிபார்க்கலாம்.

இரண்டாவது, கிரகணம் பற்றிய அச்சம் நீங்குவது. ஒவ்வோர் அமாவாசையிலும் சூரிய கிரகணம் நிகழாதது ஏன் என்பது பெரியவர்கள் பலருக்கும் எழும் கேள்வி. பூமியைச் சுற்றும் சந்திரனின் பாதை, சூரியனைச் சுற்றும் பூமியின் பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்துள்ளது. ஆகையால் பெரும்பாலான மாதங்களில் சந்திரன் சூரியனுக்குச் சற்று மேலாகவோ கீழாகவோ கடந்துவிடுகிறது. இரு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு அருகே அமாவாசை நிகழும்போது மட்டுமே கிரகணம் உண்டாகிறது. கரும்பலகையில் விளக்கக் கடினமான இதனைக் குவிமாடம் எளிதாக உணர்த்திவிடும்.

மூன்றாவது, வீட்டுப் பெரியவர்களின் அறிவும் பள்ளிப் பாடமும் சந்திப்பது. பஞ்சாங்கத்தில் காணும் பெயர்கள் வானில் உள்ள உண்மையான நட்சத்திரங்களுக்கு உரியவை. பள்ளியில் ஆல்டெபரான் எனப்படுவது ரோகிணி. பெட்டல்ஜூஸ் எனப்படுவது திருவாதிரை. ஸ்பைக்கா எனப்படுவது சித்திரை. கார்த்திகை என்பது ஒரே நட்சத்திரமன்று, பல நட்சத்திரங்களின் கூட்டம். கார்த்திகை தீபத்தன்று முழு நிலவு அக்கூட்டத்தின் அருகே இருப்பதைக் காணலாம். திருமணத்தில் காட்டப்படும் அருந்ததி, பெருங்கரடிக் கூட்டத்தில் வசிட்டர் நட்சத்திரத்தை ஒட்டியுள்ள மங்கலான நட்சத்திரம்.

குடும்பத்துடன் செல்வோர் கவனத்துக்கு

காட்சி பெரும்பாலும் முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடங்கள் வரை நீடிக்கும். மொழிவாரியாகக் காட்சி நேரம் மாறுவதால், குழந்தைக்குப் புரியும் மொழியில் எப்போது காட்சி என்பதை முன்கூட்டியே அறிந்து செல்வது நல்லது. தில்லி, மும்பை, பெங்களூர் கோளரங்கங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. விடுமுறைக் காலங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் நுழைவுச்சீட்டு விரைவில் தீர்ந்துவிட வாய்ப்புண்டு.

காட்சி தொடங்கிய பின் பொதுவாக யாரும் உள்ளே அனுமதிக்கப்படுவதில்லை. இதற்குக் காரணம் உண்டு. மனிதக் கண்கள் இருளுக்கு முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஆகும். அதனால்தான் அரங்கின் வெளிச்சம் அந்தி மறைவது போல் மெல்லக் குறைக்கப்படுகிறது. இடையில் கதவு திறந்தாலோ, ஒருவர் கைப்பேசித் திரையை ஒளிரச் செய்தாலோ, அரங்கில் உள்ள அனைவரும் மங்கலான நட்சத்திரங்களை இழக்க நேரிடும்.

திடீர் இருளும் பேரொலியும் மிகச் சிறிய குழந்தைகளை அச்சுறுத்தக்கூடும். சில கோளரங்கங்கள் குறிப்பிட்ட வயதுக்குக் குறைந்தோரை அனுமதிப்பதில்லை. முதல்முறை வரும் குழந்தையிடம், சிறிது நேரம் இருட்டாக இருக்கும் என்று முன்பே சொல்லிவைப்பது பயன் தரும். வேகமாகச் சுழலும் காட்சிகளில் தலைசுற்றல் ஏற்பட்டால் சில நொடிகள் கண்களை மூடிக்கொண்டால் போதும். மிக முன்னால் உள்ள இருக்கைகளைவிட நடு வரிசைக்குப் பின்னால் அமர்வோருக்குக் கழுத்து வலியின்றிக் குவிமாடத்தின் பெரும்பகுதி தெரியும்.

அரங்கிலிருந்து உண்மையான வானத்துக்கு

கோளரங்கம் எவ்வளவு சிறப்பாக அமைந்தாலும் அது வானத்துக்கு மாற்றாகாது. இருளைப் பாதுகாக்கும் முயற்சிகள் இப்போது நாட்டில் தொடங்கியுள்ளன. லடாக்கின் ஹான்லே பகுதி 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024-இல் இந்தியாவின் முதல் இருள்வானப் பூங்கா என்ற சர்வதேச அங்கீகாரத்தைப் பெற்றது. அத்தகைய இடங்களுக்குச் செல்ல இயலாதோர், காட்சி முடிந்த அன்றிரவே வீட்டு மாடியில் விளக்கை அணைத்துவிட்டு, அரங்கில் கண்ட ஒரு நட்சத்திரக் கூட்டத்தையாவது தேடிப் பார்க்கலாம்.

இன்று பள்ளியில் பயிலும் குழந்தைகளுக்கு இரு அரிய வாய்ப்புகளும் காத்திருக்கின்றன. 2031-ஆம் ஆண்டு மே 21 அன்று நிகழும் வளைய சூரிய கிரகணம் கேரளம், தென் தமிழகம் வழியே கடந்து செல்லும். 2034 மார்ச் 20 அன்று முழு சூரிய கிரகணத்தின் பாதை லடாக்கைத் தொடும். உரிய பாதுகாப்புக் கண்ணாடி இன்றிச் சூரியனை ஒருபோதும் பார்க்கக் கூடாது என்பதையும், பாதுகாப்புடன் பார்த்தால் அஞ்ச வேண்டியதில்லை என்பதையும் குழந்தைகள் ஒருங்கே கற்றுக்கொள்ளக் கோளரங்கம் ஏற்ற இடம்.