வடதிசை நோக்கிய ஓட்டம்

புகையிரதக் கம்பனிகள் தமக்குள் போட்டியிடுவதனால் பிரயாணி அடையும் நன்மை யாது? பிரித்தானியாவின் வரலாறு இவ்வினாவுக்குச் சுவையான விடையொன்றைத் தருகின்றது.

இலண்டனிலிருந்து ஸ்கொத்லாந்துக்குச் செல்லும் பெரும் பாதைகள் இரண்டு. கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து யோர்க் வழியே செல்வது கிழக்குப் பாதை. யூஸ்டன் நிலையத்திலிருந்து கார்லைல் வழியே செல்வது மேற்குப் பாதை. கிழக்குப் பாதையின் பகல் விரைவுவண்டி ஒன்பது மணித்தியாலத்தில் எடின்பரோவை அடைந்தது. ஆனால், மூன்றாம் வகுப்பினருக்கு அதில் இடமில்லை. மேற்கு வண்டிக்குப் பத்து மணித்தியாலம் பிடித்தது. எனினும், அது எல்லோரையும் ஏற்றிச் சென்றது.

1887 நவம்பரில் கிழக்குக் கம்பனிகளும் மூன்றாம் வகுப்பினருக்குக் கதவைத் திறந்தன. மேற்குக் கம்பனிகள் வாளாவிருக்கவில்லை. 1888 யூனில் தாமும் ஒன்பது மணித்தியாலமெனக் குறைத்தன. அக்கோடை முழுவதும் ஒருவரை ஒருவர் விஞ்ச முயன்றனர். ஓகஸ்ட் 31 ஆம் நாள் கிழக்கு வண்டி 7 மணி 27 நிமிடத்தில் எடின்பரோவை அடைந்தது. இதுவரை போட்டி ஏழைக்கும் நன்மையே செய்தது எனலாம்.

1890 இல் போர்த் பாலம் திறக்கப்பட்டதும் போட்டி அபர்டீன் நகருக்கு மாறியது. அந்நகருக்கு 38 மைல் தொலைவிலுள்ள கின்னேபர் சந்தியில் இரு பாதைகளும் ஒன்றாயின. அங்கு முந்தியவரே வென்றவர். 1895 ஓகஸ்டில் ஓரிரவு, எட்டு மணிக்கு யூஸ்டனை விட்ட வண்டி 540 மைலை 8 மணி 32 நிமிடத்தில் கடந்தது. அவ்வண்டியில் இருந்தவை மூன்றே பெட்டிகள். அபர்டீனை அடைந்த நேரமோ அதிகாலை 4 மணி 32 நிமிடம்! ஊர் உறங்கும் வேளையில் வந்திறங்கிய பிரயாணிக்கு அதனால் விளைந்த பயன் என்ன?

1896 யூலை 13 ஆம் நாள், பிரெஸ்ரன் நிலையத்தருகே, பத்து மைல் வேகத்திற் கடக்கவேண்டிய வளைவொன்றை நாற்பது மைலுக்கு மேற்பட்ட வேகத்திற் கடந்த இரவு வண்டி தடம்புரண்டது. ஒருவர் உயிரிழந்தார். வேகத்தைப் புகழ்ந்த பொதுமக்கள் இப்பொழுது அதனை அஞ்சினர்.

கம்பனிகளும் கூடிப்பேசி வேகத்துக்கு வரம்பிட்டன. அவ்வரம்பு 1932 வரை நீடித்தது. 1928 இல் இலண்டனிலிருந்து எடின்பரோவரை இடையில் நில்லாது ஓடத்தொடங்கிய புகழ்பெற்ற வண்டியும் எட்டேகால் மணித்தியாலம் எடுத்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் எட்டிய வேகம் கைவிடப்பட்டிருந்தது.

போட்டி கதவைத் திறந்தது, பின்னர் கட்டுமீறியது, ஈற்றில் உடன்பாடு பிரயாணியைக் காக்கவைத்தது. இம்மூன்றினுள் முதலாவதே அவனை எண்ணிச் செய்த காரியமாகத் தோன்றுகின்றது.