கொசோவோ: அங்கீகாரமும் ஒரு நட்சத்திரக் குறியும்

2008 பிப்ரவரி 17 அன்று தலைநகர் பிரிஷ்டினாவில் கூடிய நாடாளுமன்றம் கொசோவோவைச் சுதந்திர நாடாக அறிவித்தது. மறுநாளே அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்சும் ஏற்றுக்கொண்டன. செர்பியாவோ அது தன் மாகாணம்தான் என்று இன்றுவரை சொல்கிறது. ஐ.நா. உறுப்பினராகப் பாதுகாப்பு அவையின் பரிந்துரை வேண்டும். அங்கே வீட்டோ அதிகாரம் உள்ள ரஷ்யாவும் சீனாவும் செர்பியா பக்கம் நிற்பதால் அந்தக் கதவு திறக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் தன்னை ஏற்றிருப்பதாகக் கொசோவோ கூறுகிறது. அவற்றில் சில பின்வாங்கிவிட்டதாகச் செர்பியா கூறுகிறது. ஆக, எத்தனை நாடுகள் என்பதே சர்ச்சையில் இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் ஏற்காத நாடுகள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே ஸ்பெயின், கிரீஸ், ருமேனியா, ஸ்லோவாக்கியா, சைப்ரஸ் ஆகிய ஐந்தும் ஏற்கவில்லை.

செர்பியாவின் முயற்சியால் ஐ.நா. பொதுச்சபை விவகாரத்தைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2010 ஜூலை 22 அன்று, பத்துக்கு நான்கு என்ற கணக்கில், சுதந்திர அறிவிப்பு சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்று நீதிபதிகள் கருத்துரைத்தார்கள். கொசோவோ ஒரு நாடா என்ற கேள்விக்குள் அவர்கள் போகவே இல்லை.

2012இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மத்தியஸ்தத்தில் ஒரு விநோதமான உடன்பாடு பிறந்தது. வட்டாரக் கூட்டங்களில் கொசோவோ தன் பெயரிலேயே உட்காரலாம். ஆனால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்க வேண்டும். அதன் அடிக்குறிப்பு, இந்தப் பெயர் அதன் அந்தஸ்து குறித்த எவர் நிலைப்பாட்டையும் பாதிக்காது என்று சொல்லும். மக்கள் உயிரைக் கொடுத்த ஒரு பெயர், அடிக்குறிப்போடுதான் மேசைக்கு வர முடிந்தது.

அரசியல் அரங்கில் கிடைக்காத இடம் மற்ற வழிகளில் வந்தது. 2009இல் சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் சேர்த்துக்கொண்டன. தொலைபேசிக்குத் தனி எண் 2016 டிசம்பரில்தான் கிடைத்தது: 383. அதுவரை செல்பேசிகள் மொனாக்கோ, ஸ்லோவேனியா நாடுகளின் எண்களில் ஓடின. யுனெஸ்கோ உறுப்பினர் இடமோ நூலிழையில் தவறியது: 2015இல் ஆதரவு 92, எதிர்ப்பு 50. மூன்றில் இரண்டு பங்குக்கு மூன்று வாக்கு குறைவு. அங்குள்ள பழைய செர்பிய ஆர்த்தடாக்ஸ் மடங்கள் யார் பொறுப்பில் போகும் என்பதும் எதிர்ப்புக்கு ஒரு பெரிய காரணம்.

விளையாட்டுத்தான் இந்தக் கதையின் நெஞ்சைத் தொடும் பகுதி. ஜூடோ வீராங்கனை மஜ்லிண்டா கெல்மெண்டி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அல்பேனியாவின் சார்பில் இறங்க வேண்டியிருந்தது. 2014இல் ரஷ்யாவில் நடந்த உலகப் போட்டியில் தங்கம் வென்றும் சொந்தக் கொடி ஏறவில்லை. சர்வதேச ஜூடோ சம்மேளனத்தின் கொடிதான் ஏறியது. அந்த ஆண்டு டிசம்பரில் ஒலிம்பிக் குழு கொசோவோவை ஏற்றது. 2016இல் ரியோவின் தொடக்க விழாவில் கொடியேந்தி நடந்தவர் அவரே. இரண்டே நாளில் 52 கிலோ பிரிவில் தங்கம். அந்நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

அதே 2016இல் ஃபிஃபாவும் சேர்த்துக்கொண்டது. ஆனாலும் 2021 மார்ச்சில் செவில்லியாவில் ஸ்பெயினுடன் ஆடியபோது, ஸ்பெயினின் அரசுத் தொலைக்காட்சி தன் நாட்டைப் பெரிய எழுத்திலும் எதிரணியைச் சிறிய எழுத்திலும் திரையில் காட்டியது. விளையாட வந்தவர்களுக்குச் செய்யக்கூடாத மரியாதைக் குறைவு அது.

2024 ஜனவரி 1 முதல் கொசோவோ மக்கள் ஷெங்கன் நாடுகளுக்கு விசா இல்லாமல் போய்வரலாம். அவர்களுடைய பாஸ்போர்ட்டை அந்த மாதம் ஸ்பெயினும் ஏற்றது. நாட்டை இன்னும் ஏற்கவில்லை.