பழைய எஞ்சினும் புதிய எஞ்சினும்

அமெரிக்காவில் வீட்டின் நிலவறையிலே மாதிரி இருப்புப் பாதை அமைத்து, மெய்யான எஞ்சினின் அளவில் 87இல் ஒரு பங்கே உள்ள டீசல் எஞ்சின்களை ஓட்டி மகிழ்வோர் பலர் உளர். அவர்களிடையே ஒரு வழக்கு நெடுநாளாக நடந்து வருகிறது. பழைய எஞ்சின் ஒன்றையும் புதிய எஞ்சின் ஒன்றையும் ஒரே சரக்கு வண்டியின் முன்னே பூட்டலாமா என்பதே அது. பார்வைக்குப் பொருந்தவில்லை என்பர் சிலர். வரலாற்றைக் கேட்டால் வேறு விடை கிடைக்கிறது.

நீராவிக் காலத்தில் இரண்டு எஞ்சின்களைப் பூட்டினால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆட்கள் வேண்டும். டீசல் வந்ததும் நிலைமை மாறிற்று. ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த எலெக்ட்ரோ மோட்டிவ் நிறுவனம் 1939இல் எஃப்.டி. என்னும் சரக்கு எஞ்சினை வெளியிட்டது. நான்கு பகுதிகள் கொண்ட அதன் ஆற்றல் 5,400 குதிரைத் திறன். நான்கையும் முன்னே அமர்ந்த ஒரே ஓட்டுநர் இயக்கினார். நாளடைவில் 27 கம்பிகளை உள்ளடக்கிய மின்வடமும் காற்றுக் குழாய்களும் பொது வழக்காயின. ஆதலின் 1954இல் வந்த 1,750 குதிரைத் திறனுள்ள ஜி.பி. 9 எஞ்சினும், 1972இல் வந்த 3,000 குதிரைத் திறனுள்ள எஸ்.டி. 40-2 எஞ்சினும் ஒரே கைக்கு அடங்கி நடந்தன. பால்ட்வின் நிறுவனத்தார் மட்டும் தம் எஞ்சின்கள் பலவற்றில் காற்றழுத்தத்தால் இயங்கும் விசையை வைத்தனர். அவை பிறருடைய எஞ்சின்களோடு இணங்கவில்லை. அவற்றை அயலாரோடு பிணைத்துக் காட்டும் மாதிரி, காண அழகாயினும் பொய்யே.

வடம் பொருந்தினால் மட்டும் போதாது; காலமும் பொருந்த வேண்டும். பழைய எஞ்சினைத் திரும்பக் கொடுத்து, அதன் மதிப்பைப் புதியதன் விலையில் கழித்துக்கொள்வது அந்நாட்டு ரயில்வேக்களின் வழக்கம். 1961இல் ஜி.பி. 30 வந்தபோது எஃப்.டி. எஞ்சின்கள் பல இவ்வாறே மறைந்தன. கல்ஃப், மொபைல் அண்ட் ஒஹையோ ரயில்வே வாங்கிய ஜி.பி. 30 எஞ்சின்களோ, கழித்துக் கொடுத்த ஆல்கோ எஞ்சின்களின் சக்கர அடிச்சட்டங்கள் மீதே ஓடின! புதிய உடலுக்குப் பழைய கால்கள். எனவே எஃப்.டி.யையும் எஸ்.டி. 40-2ஐயும் இணைப்பது பாட்டனாரின் இறப்புக்குப் பின் பிறந்த பேரனை அவர் மடியில் அமர்த்திப் படம் பிடிப்பது போலாகும். ஜி.பி. 9 அப்படியன்று, அது நீடித்து உழைத்தது.

நிறங்களின் கலப்பே இதில் மிகச் சுவையானது. 1970 மார்ச்சில் கிரேட் நார்தர்ன், நார்தர்ன் பசிபிக், பர்லிங்டன் முதலிய ரயில்வேக்கள் ஒன்றாகி பர்லிங்டன் நார்தர்ன் ஆயின. பச்சையே புதிய நிறம் என்று முடிவாயிற்று. ஆனால் ஆயிரக்கணக்கான எஞ்சின்களுக்கு ஒரே நாளில் வண்ணம் பூச இயலுமா? பல ஆண்டுகள் வரை, பளபளக்கும் பச்சை எஸ்.டி. 40-2க்குப் பின்னால் நார்தர்ன் பசிபிக்கின் கருநிற ஜி.பி. 9ஓ, கிரேட் நார்தர்னின் நீல எஞ்சினோ வரக்கூடும். 1973ஆம் ஆண்டைக் காட்ட விரும்புவோன் எல்லா எஞ்சின்களையும் பச்சையாக்கினால் அதுவே பிழை. பழையதன் மீது புழுதியும் வெளுப்பும் வேண்டும். புதியதன் மீது அவ்வளவு ஆகாது.

ஒரு சிறு தொல்லையும் உண்டு. இரு மாதிரிகளின் மோட்டார்கள் வெவ்வேறு வேகத்தில் சுழன்றால், ஒன்று மற்றொன்றை இழுத்தோ தள்ளியோ வீணாக உழலும். முதலில் வேகத்தைச் சமன் செய்துகொள்ள வேண்டும்.

ஒரே நிறமும் நம்மை ஏமாற்றலாம். சாண்டா ஃபே ரயில்வே 1937இல் தன் பயணி எஞ்சின்களுக்குச் சூட்டிய சிவப்பு வெள்ளிக் கோலத்தை 1989இல் மீண்டும் கொணர்ந்தது. 1967இல் பிறந்த எஃப்.பி. 45 எஞ்சின்கள் அதை அணிந்தன. 1990இல் பிறந்த ஜி.பி. 60 எம் எஞ்சின்களும் அணிந்தன. உடன்பிறந்தவை போல் தோன்றும் அவற்றினிடையே 23 ஆண்டுகள் உள்ளன.