'வீடு காலியில்லை'



நம் நாட்டு வாடகை விளம்பரங்களில் 'சீனருக்கு மட்டும்' என்னும் வரியைக் காணாதார் குறைவு. எழுதி வைத்த மறுப்பை எளிதில் சுட்டிக்காட்டலாம். இன்முகத்தோடு சொல்லப்படும் மறுப்பை மெய்ப்பிப்பது எங்ஙனம்? அமெரிக்க வரலாற்றில் இதற்கொரு விடை உண்டு.

1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏழே நாளில் அதிபர் லிண்டன் ஜான்சன் நியாய வீட்டுவசதிச் சட்டத்தில் கையொப்பமிட்டார். இனம், நிறம், சமயம், பூர்வீக நாடு ஆகியவற்றைக் காட்டி வீடு மறுப்பது சட்டவிரோதமாயிற்று. ஆயினும், அது பல் பிடுங்கிய பாம்பாகவே இருந்தது. அரசின் வீட்டுவசதித் துறை சமரசம் பேசலாம், தண்டிக்க இயலாது. நான்கு குடித்தனங்களுக்கு மேற்படாத கட்டடத்தில் உரிமையாளரும் குடியிருந்தால் பெரும்பாலும் விலக்கு வேறு! நிருவாகிகள் பலருக்கு 'காலியில்லை' என்ற ஒரு சொல்லே போதுமானதாயிற்று.

அப்பொய்யை உடைத்தவர்கள் சோதனையாளர்கள். 1978-இல் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரருகே ஒரு கறுப்பினப் பெண்மணி பன்முறை சென்று வீடு கேட்டார், காலியில்லை என்றனர். அதே நிறுவனத்திடம் வெள்ளையர் ஒருவர் கேட்டபோதோ வீடு இருந்தது! இருவருமே குடியேற எண்ணியவரல்லர், சோதிக்க அனுப்பப்பட்டவர்கள். 'வீடே வேண்டாதவர்க்கு வழக்கு எதற்கு?' என்பதே உச்சநீதிமன்றத்தின் முன் நின்ற வினா. 1982-இல் 'ஹேவன்ஸ் எதிர் கோல்மன்' தீர்ப்பு, உண்மையான தகவலைப் பெறும் உரிமையைச் சட்டம் எவர்க்கும் அளிக்கிறது என்றது. ஆதலின் பொய்யுரைக்கப்பட்ட அப்பெண்மணி வழக்காடலாம். என்னைப் பெரிதும் கவர்ந்த தீர்ப்பு இது. பொய்யே தீங்கு என்றல்லவா அது ஏற்கிறது!

1988 திருத்தம் அபராதம் விதிக்க வழிசெய்தது. மாற்றுத்திறனாளிகளையும் குழந்தைகளுள்ள குடும்பங்களையும் காப்பில் சேர்த்தது.

இன்று விண்ணப்பதாரர்களை வடிகட்டும் பணியில் கணினி மதிப்பெண்ணும் புகுந்துவிட்டது. மதிப்பெண் பொய் சொல்வதில்லை, காரணமும் சொல்வதில்லை. அரசின் வாடகை உதவிச் சீட்டு வைத்திருந்த கறுப்பினப் பெண்கள், பழைய கடனை எண்ணும் கணக்கு அச்சீட்டை எண்ணவில்லை என்று மாசசூசெட்ஸில் சேஃப்ரென்ட் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தனர். 2024-இல் 22 இலட்சம் டாலருக்கு மேல் தர அந்நிறுவனம் உடன்பட்டது. தவறிழைத்ததாக மட்டும் அது ஒப்பவில்லை.