சிங்கில் கொட்டிய வெளிச்சம்

குற்றாலச் சீசன் முடிந்தால் வடகரை வீடுகளின் குப்பைக்குழியில் மங்குஸ்தான் தோலும் மாங்கொட்டையும் அழுகிக் கிடக்கும். அழுகும் பழம் என்றால் கொண்டாட்டம்தான் சி. எலிகன்ஸ் என்ற நூல்புழுவுக்கு. நீளம் 1 மில்லிமீட்டர். நரம்பணுக்கள் மொத்தமே 302. அவற்றில் எது எப்போது துடிக்கிறது என்பதைப் பச்சை மினுக்கலாகப் படம் பிடிக்கிறார்கள். அந்தப் பச்சை புழுவுக்குச் சொந்தமில்லை, கடலில் வாங்கிய கடன். கொடுத்ததோ ஜெல்லிமீன், நம் மீனவர்கள் சொறி என்பார்களே, அது. அதற்கு மூளையே கிடையாது!

1961 கோடை, அமெரிக்காவின் ஃப்ரைடே ஹார்பர். ஒசாமு ஷிமோமுரா என்ற ஜப்பானியர் ஏறக்குறைய 10,000 ஜெல்லிமீன்களைப் பிடித்து, ஒளிரும் விளிம்பைக் கத்தரித்துப் பிழிந்துகொண்டிருந்தார். சாறு வந்தது, வெளிச்சம் தங்கவில்லை. துடுப்புப் படகில் தனியாகப் போய் நாள்கணக்கில் யோசித்தார். ஒருநாள், சோதித்து முடித்த சாற்றைச் சிங்கில் கொட்டினார். சிங்க் நீலமாகப் பளிச்சென்று எரிந்தது. மீன்தொட்டியில் வழிந்த கடல்நீரும் அதே சிங்கில்தான் விழும். அந்த நீரிலிருந்த கால்சியம் திரியைக் கொளுத்திவிட்டது. கிடைத்த புரதம் அக்வோரின். கூடவே ஒட்டிவந்த இன்னொரு பச்சைப் புரதத்தை முப்பது ஆண்டுகளாக யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை.

நரம்பணு துடித்தால் உள்ளே கால்சியம் பாயும். ஆகவே அக்வோரினை ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள்: 1967-இல் கப்பலடியில் ஒட்டும் பார்னக்கிளின் தசையில், பிறகு கணவாயின் தடித்த நரம்பில். புழுவின் நரம்பில் எந்த ஊசியை ஏற்றுவது? மரபணுவாகத்தான் புகுத்த வேண்டும்.

அதைச் செய்ய வழி திறந்தவர் டக்ளஸ் பிராஷர். 1992-இல், அக்வோரினோடு ஒட்டிவந்த அந்தப் பச்சைப் புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்தார். ஆராய்ச்சிப் பணம் தீர்ந்ததும், கேட்டவர்களுக்கு அனுப்பிவைத்தார். மார்ட்டின் சால்ஃபி 1994-இல் புழுவின் தொடுநரம்புகளில் அதை ஒளிரவைத்தார். ரோஜர் சியன் குழு 1997-இல் அதன் நிறமாறிகளைக் கால்சியம் பிடிக்கும் புரதத்தோடு முடிச்சுப் போட்டது. ஜப்பானின் ஜூனிச்சி நகாய் 2001-இல் தன் பங்குக்கு வேறு விதமாக வெட்டி ஒட்டினார், கால்சியம் ஏறினால் பச்சையாக மினுக்கும் ஜிகேம்ப் பிறந்தது. 2008-இல் ஷிமோமுரா, சால்ஃபி, சியன் மூவருக்கும் நோபல். ஒரு பரிசை மூவருக்குமேல் பிரிப்பதில்லை. பிராஷர் அப்போது அலபாமாவில் ஒரு கார் விற்பனைக் கடைக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கு இது இன்னும் செரிக்கவில்லை.

2016-இல் ஹார்வர்டிலிருந்து வந்த ஒரு கட்டுரையின் பெயர்களைப் பார்த்தால் நமக்குக் காது நிமிரும்: விவேக் வெங்கடாசலம், அரவிந்தன் சாமுவேல். கட்டிப்போடாத புழு தன் பாட்டுக்கு ஊர்கிறது. அதன் தலை நழுவாதபடி நுண்ணோக்கியின் மேடை பின்தொடர்கிறது. ஒவ்வொரு நரம்பணுவின் உட்கருவிலும் அடையாளத்துக்கு ஒரு சிவப்பு. அதன்மேல், கால்சியம் ஏறும்போதெல்லாம், சிங்கில் தொடங்கிய அந்தக் கதையின் பச்சை.