வரைபடத்தில் இல்லாத உள்ளங்கால்

தோல் புற்றுநோய்களில் கொடியது மெலனோமா. ஒரே அளவு கட்டி இருக்கிற ரெண்டு பேரில் ஒருத்தர் பிழைக்கிறார், இன்னொருத்தர் போய்விடுகிறார். ஏன்?

அமெரிக்க நோயியலாளர் வாலஸ் கிளார்க் 1969இல், கட்டி தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கு என்று பார்த்தார். பின்னாளில் கட்டிக்குள் புகுந்திருக்கும் வெள்ளையணுக்களையும் கணக்கில் சேர்த்தார். 2015இல் கேன்சர் ஜீனோம் அட்லஸ் குழு 333 கட்டிகளின் மரபணுக்களை ஆராய்ந்தது. நோயெதிர்ப்பு மரபணுக்கள் மும்முரமாக இயங்கிய கட்டிகள் இருந்தவர்கள் அதிக காலம் வாழ்ந்திருந்தார்கள். உடம்பு எதிர்த்து நின்றதற்கான சாட்சி அது.

எனக்கு உறுத்துவது இதுதான்: அந்தக் கட்டிகள் பெரும்பாலும் வெள்ளையர்களுடையவை, வெயில் படும் தோலில் வந்தவை. நம்மிடம் மெலனோமா அரிது. வந்தால் பல நேரம் உள்ளங்காலில், நகத்தடியில்தான் வரும். பாப் மார்லிக்குக் கால் பெருவிரலில் வந்தது; 1981இல், 36 வயதில் இறந்தார். இந்த வகையில் வெயிலின் தடம் குறைவு, மரபணு மாற்றங்களின் எண்ணிக்கையும் குறைவு. நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்துகளும் பொதுவாகக் குறைவாகவே பலன் தருகின்றன.

எங்கள் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை. அங்கே கடுக்காய் பொறுக்கும் ஒரு பெண்ணின் குதிகாலில் கரும்புள்ளி வந்தால், 'முள்ளு குத்தின தழும்பு'ன்னு விட்டுவிடுவது எளிது. அந்தக் காலை யாராவது குனிந்து பார்க்க வேண்டும். அதன் மரபணுக்களும் கணக்கில் சேர வேண்டும். அதுவரை இந்த முன்கணிப்பு அவருக்கானது இல்லை.